சிக்னலில் நின்றால் சுடுகாற்று

மே மாதத்தின் இரண்டாவது வாரம். கத்திரி தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு அடையாறு கஸ்தூர்பா நகரிலிருந்து ஒரு தம்பதி தி.நகருக்குக் கிளம்புகிறார்கள். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேண்டும். வண்டிக்குப் பதினேழு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கோட்டூர்புரம் பாலத்தில் ஏறும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. நந்தனம் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. வெங்கட்நாராயணா சாலையில் வண்டி ஊர ஆரம்பித்ததும் காற்றில் குளிர் இறங்குகிறது. பனகல் பார்க் சிக்னலில் நாலு நிமிடம் நின்ற பிறகு டேஷ்போர்டிலிருந்து வருவது வெறும் ஃபேன் காற்று. அதுவும் வெதுவெதுப்பாக.

“என்னங்க, ஏசி ஆஃப் ஆயிடுச்சா?”

“இல்லையே, ஆன்லதான் இருக்கு.”

கண்ணாடி இறங்குகிறது. பக்கத்தில் நிற்கும் மாநகரப் பேருந்தின் எஞ்சின் சூடு முகத்தில் அடிக்கிறது.

சாயங்காலம் மெக்கானிக் வண்டியைப் பார்க்கிறார். “கேஸ் இறங்கிடுச்சு சார். டாப்-அப் பண்ணிட்டா ஐஸ் மாதிரி வந்துடும்.” அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. இரவில், காலியான சாலையில், உண்மையிலேயே ஐஸ் மாதிரிதான் வருகிறது. அடுத்த வாரம் நகைக்கடைக்குப் போகும்போது அதே பனகல் பார்க், அதே வெதுவெதுப்பு.

சென்னையில் பழைய கார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் இந்தக் கதை தெரியும். கூலிங் குறைந்தால் கேஸ், வாடை வந்தால் கேஸ், வண்டி இழுக்காவிட்டாலும் கேஸ் என்று எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழுகிறது. ஆனால் ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோக அது ஒன்றும் பெட்ரோல் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டை இல்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த இரண்டில் எது என்று பார்க்காமல் கேஸ் அடிப்பது, காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மாத்திரை போடுவதற்குச் சமம்.

ஊசி போடுவதற்கு முன் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் வரும் குளிர்ச்சி அது. கார் ஏசி செய்வதும் இதே வேலைதான். இன்று ஓடும் பெரும்பாலான பழைய கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். திறந்த வெளியில் விட்டால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் மெக்கானிக்குகள் ‘கூலிங் காயில்’ என்று சொல்லும் பகுதியில் அது ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றின் சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அதை இழுத்து அழுத்தி, இன்னும் சூடாக்கி முன்பக்கம் தள்ளுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸரில் வெளிக்காற்று பட்டு, சுமந்து வந்த சூட்டையெல்லாம் இறக்கிவைத்து மறுபடி திரவமாகிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகத் திரும்பவும் கூலிங் காயிலுக்கு.

பனகல் பார்க் மர்மம் முழுக்க அந்தக் கண்டென்ஸரில்தான் இருக்கிறது. கேஸ் தன் சூட்டை வெளியே விட வேண்டுமானால் அது வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்க வேண்டும்; கண்டென்ஸர் வழியாகக் காற்றும் ஓட வேண்டும். வண்டி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே போதும். நின்றுவிட்டால் எல்லாப் பாரமும் பானட்டுக்குள் இருக்கும் ஃபேன் மேல்தான். பல கார்களில் இரண்டு ஃபேன் உண்டு, ரேடியேட்டருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று. பதினைந்து வருடம் தூசியும் மழைத்தண்ணீரும் குடித்த ஃபேன் மோட்டார் மெதுவாகச் சுற்றும், அல்லது சுற்றவே சுற்றாது. சில வண்டிகளில் மோட்டார் நன்றாக இருக்கும், அதற்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே போயிருக்கும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் ஓடும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இன்னொரு காரணமும் கூட வந்து சேர்கிறது. கம்ப்ரஸரைச் சுற்றுவது எஞ்சின் பெல்ட். ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் எஞ்சின், நின்றால் எண்ணூறுக்கு இறங்கிவிடுகிறது. கம்ப்ரஸரும் கூடவே தளர்கிறது. புது வண்டியில் இந்த இறக்கம் தெரியாது. வால்வும் பிஸ்டனும் தேய்ந்த பழைய கம்ப்ரஸரில் அப்பட்டமாகத் தெரியும்.

தென் சென்னையின் சாலைகளுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்குப் பிறகு லஸ், மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க் என்று தடுப்புத் தகரங்கள் முளைத்த இடங்களிலெல்லாம் வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். பத்து வருடத்துக்கு முன்னால் அதே காரை ஓட்டியவர், “அப்பல்லாம் நல்லாத்தான் இருந்தது” என்று சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. அன்றைக்கு லஸ் முனையை ஒரே மூச்சில் கடந்திருப்பார்.

வெயிலைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரிதான் சென்னையின் உச்சம். கத்திரி முடிந்த பிறகு வந்த வெயில் அது. ஆனால் இங்கே ஏசியின் முதுகெலும்பை முறிப்பது ஈரம். வேலூரிலோ திருச்சியிலோ 40 டிகிரியில் சமாளித்துவிடும் கார், பெசன்ட் நகரில் 35 டிகிரியில் திணறுவதற்குக் காரணம் கடற்கரைக் காற்றில் நிறைந்திருக்கும் நீராவி. கூலிங் காயில் காற்றைக் குளிர்விக்கும்போது அதிலுள்ள நீராவியையும் தண்ணீராக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஏகப்பட்ட சக்தி வேண்டும். நீராவி தண்ணீராக மாறும்போது தன்னிடம் உள்ள வெப்பத்தை விடும். ஒரு லிட்டர் தண்ணீர் சேரும்போது வெளிவரும் வெப்பம், குழாய்த் தண்ணீர் ஏழெட்டு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அத்தனையையும் அந்தச் சின்னக் காயில் வாங்கி வெளியே தள்ள வேண்டும். காரை நிறுத்திய இடத்தில் கீழே குட்டையாகத் தண்ணீர் தேங்கினால் பயப்பட வேண்டாம். ஏசி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. சொட்டுச் சொட்டாக இருந்த தண்ணீர் திடீரென்று நின்றுபோய், முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் மேட் நனைந்திருந்தால்தான் கவனிக்க வேண்டும். வடிகால் குழாயில் இலையும் அழுக்கும் அடைத்திருக்கும். ஒரு கம்பியோ கொஞ்சம் காற்றழுத்தமோ போதும், பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டால் மேட் நாறி, தரைத் தகடு துருப்பிடித்து, கீழே ஓடும் ஒயர்கள் வரை சேதம் போகும்.

ஏசியின் சக்தியை ‘டன்’ கணக்கில் சொல்கிறோமே, அந்த அளவுக்கும் சென்னைக் கடற்கரைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஒரு டன் ஐஸ் இருபத்து நாலு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ, அதுதான் ஒரு டன் ஏசி. அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி உலகெங்கும் விற்ற ஃபிரடெரிக் டியூடர், அதைச் சேமித்துவைக்க 1842ல் மெரினாவில் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. கண்டம் தாண்டி ஐஸ் வந்து இறங்கிய அந்த வாசலைக் கடந்து இன்று ஆயிரக்கணக்கான கார்கள் போகின்றன. ஒவ்வொன்றின் பானட்டுக்குள்ளும் ஒரு டன்னை ஒட்டிய குளிர்ச்சி, அதாவது நாளொன்றுக்கு 900 கிலோ ஐஸின் வேலை, அடங்கியிருக்கிறது. ஒரு படுக்கையறைக்குத் தேவையான அளவு அது. நாலு பேர் உட்காரும் இடத்துக்கு ஏன் அவ்வளவு என்றால், சுற்றிலும் கண்ணாடி, மேலே வெயிலில் காய்ந்த தகடு, முன்னால் கொதிக்கும் எஞ்சின்.

நிறுத்திவைத்த கார் எவ்வளவு சூடாகும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005ல் வெளியிட்ட ஆய்வில், மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. அரிசோனாவில் 2018ல் நடந்த இன்னொரு ஆய்வில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரியைத் தொட்டது. அந்தச் சூட்டில் உட்கார்ந்த உடனே ஏசியை முழு வேகத்தில் வைப்பவர்கள் கம்ப்ரஸரைத்தான் வதைக்கிறார்கள். நாலு கதவையும் கொஞ்சம் திறந்துவைத்து மூடி, கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்தினால் சீக்கிரம் குளிரும். குழந்தையைக் காரில் உட்காரவைத்துவிட்டு ‘இதோ வந்துடறேன்’ என்று கடைக்குள் போகக் கூடாது என்பதற்கும் இந்த எண்களே சாட்சி.

பழைய கார்க்காரர்கள் ஒரு காலத்தில் இந்தச் சூட்டுக்கு வைத்திருந்த பதில் கறுப்பு ஃபிலிம். உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று அளித்த தீர்ப்பில் அதற்குத் தடை விதித்தது. தடை அமலான நாள் மே 4. சென்னைக்காரர்களுக்கு அது கத்திரி தொடங்கும் நாள்! ஜன்னல் ஃபிலிமை உரித்துவிட்டு வந்த அந்தக் கோடையில்தான் பலருக்குத் தங்கள் ஏசியின் உண்மையான பலம் தெரிந்தது.

பழைய வண்டி ஏசியின் குணங்களில் சில, தெரியாதவர்களுக்கு மாயம் போலவே இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் போகும்போது முதல் முக்கால் மணி நேரம் அருமையான குளிர். பிறகு மெல்லக் காற்றே குறைந்துபோகிறது. பிளோயர் சத்தம் மட்டும் இருக்கிறது, காற்று வரவில்லை. டீ குடிக்க நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடி பிரமாதம். நடந்தது இதுதான்: கூலிங் காயிலின் குளிரை அளந்து கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய சென்சார் தூங்கிவிட்டது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓட, காயில் மேல் படிந்த ஈரம் ஐஸாக உறைந்து காற்றின் வழியை அடைத்துவிட்டது. டீக்கடையில் ஐஸ் உருகி வழி திறந்தது. கோளாறுக்குச் சொந்தக்காரர் ஒரு சின்ன சென்சார். இதற்கும் கேஸ் அடித்துப் பணம் வாங்கியவர்கள் உண்டு.

இன்னொன்று ஹீட்டர். சென்னைக் காருக்கு ஹீட்டர் எதற்கு என்று யாரும் அந்தத் திருகை வருடக்கணக்கில் தொடுவதில்லை. எஞ்சினின் வெந்நீரை உள்ளே விடும் வால்வு அப்படியே இறுகி, பாதி திறந்த நிலையில் நின்றுவிடுகிறது. ஒரு பக்கம் ஏசி குளிர்விக்க, அதே பெட்டிக்குள் இன்னொரு பக்கம் வெந்நீர்க் குழாய் சுடவைக்கிறது. பல மெக்கானிக்குகள் ஹீட்டர் குழாயைத் துண்டித்து நேராக இணைத்துவிடுவார்கள், உடனே பலன் கிடைக்கும். வால்வைச் சரி செய்வதே நல்லது. எஞ்சின் சூடாகி முள் மேலே போகும் நேரத்தில் ஏசியை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறந்தால் எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்து இறங்கும். உட்கார முடியாது, வேர்த்து ஊற்றும். ஆனால் ஓரம் கட்டும்வரை எஞ்சினுக்கு அது கைகொடுக்கும். அந்த வசதியை ஏன் இழக்க வேண்டும்?

ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீர் ஊற்றுவதும், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர எறிவதும் இதே ரகம். உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாகப் படிகிறது. ரேடியேட்டர் சூடானால் அதன் முன்னால் ஒட்டி நிற்கும் கண்டென்ஸருக்கும் கேடு.

வாடை? காயிலில் எப்போதும் ஈரம், இருட்டு, தூசி. பூஞ்சை வளர இதைவிட நல்ல இடம் கிடையாது. இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு பிளோயரை ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும். வாசனை பாட்டில் தொங்கவிடுவதைவிட இது மேல். கேபின் ஃபில்டர் என்று ஒன்று தங்கள் காரில் இருப்பதே தெரியாமல் ஐந்து வருடம் ஓட்டியவர்கள் ஏராளம்.

சின்ன எஞ்சின்களின் கஷ்டம் தனி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800ன் எஞ்சின் 796 சிசி. சுமார் 37 குதிரைத் திறன். ஏசி போட்டால் அதில் சில குதிரைகள் கம்ப்ரஸருக்குப் போய்விடும். ஜெமினி மேம்பாலம் ஏறும்போது கை தானாகவே போய் ஏசியை அணைக்கும், இறங்கும்போது போடும். அந்தத் தலைமுறை ஓட்டுநர்களுக்கு இது கியர் மாற்றுவது மாதிரி ஒரு பழக்கம். பாரத் ஸ்டேஜ்-4 புகை விதி வந்ததும் 2010 ஏப்ரலில் சென்னை உட்படப் பதின்மூன்று நகரங்களில் மாருதி 800ன் விற்பனை நின்றது. ஆனாலும் மயிலாப்பூர் மாட வீதிகளின் சந்துகளில் உறை போட்ட 800களை இன்றும் பார்க்கலாம். 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த சான்ட்ரோவும், 1999ல் மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகானும் சென்னைக் குடும்பங்களுக்கு ‘ஏசி கார்’ என்ற சொல்லையே சாதாரணமாக்கிய வண்டிகள். அதற்கு முந்திய அம்பாசடரிலும் பத்மினியிலும் முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக் காற்றை மேலே வாங்கிக்கொண்டதுதான் பெரும்பாலோருக்குத் தெரிந்த கூலிங்.

காரில் ஏசி வைத்த முதல் நிறுவனம் அமெரிக்காவின் பேக்கார்டு. 1939ல் அறிமுகமான அந்த ஏசியில் கம்ப்ரஸரைத் துண்டிக்கும் கிளட்ச் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, இறங்கி, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்று பொத்தானை அழுத்தியதும் முன்னால் ‘டக்’ என்று கேட்கிறதே, அந்தக் காந்தக் கிளட்ச்சின் அருமை அதை நினைத்தால் புரியும். பழைய காரில் அந்த ‘டக்’ கேட்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச்சையும் ஃபியூஸையும்தான்.

அந்தக் காலத்து கேஸ் ஆர்-12. வாசனை இல்லை, தீப்பிடிக்காது, மலிவு. ஆனால் மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974ல் சொன்னார்கள். 1987ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது; 1992ல் இந்தியா சேர்ந்தது. 2003 ஜனவரிக்குப் பிறகு இங்கே புதிய சாதனங்களில் அந்தக் குடும்பத்து கேஸ்களைப் பயன்படுத்தத் தடை. அதற்கு முந்திய கார் கையில் இருந்தால் இது வெறும் வரலாறு ஆகிவிடாது. ஆர்-12 அமைப்புக்குள் அப்படியே ஆர்-134ஏவை அடிக்க முடியாது. பழையதில் இருப்பது மினரல் ஆயில். புது கேஸ் அந்த ஆயிலைச் சுமந்து போகாது. ஆயில் திரும்பி வராத கம்ப்ரஸர் உராய்ந்து இறுகிப்போகும். ஆயிலை வடித்து, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களையும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றினால்தான் மாற்றம் முழுமையாகும். அப்படி முறையாக மாற்றிய வண்டியா என்று வாங்குவதற்கு முன் கேட்பது அவசியம்.

மலிவு விலை சிலிண்டர்கள் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 2011ல் கப்பல் போக்குவரத்தின் குளிர்ப் பெட்டிகள் சில வெடித்து உயிர்கள் போயின. ஆர்-134ஏ என்ற பெயரில் வந்த போலி கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறியிருந்தது. கார் ஏசியின் காயில், கண்டென்ஸர் எல்லாம் அலுமினியம்தான். சீல் உடைக்காத, பெயருள்ள கம்பெனியின் டின்னைக் கண்முன்னே திறக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் ஏசியைப் பார்க்கும் விதமே தவறாக இருக்கிறது. விற்பவர் காலை எட்டு மணிக்கு வரச் சொல்கிறார்; கையை வைத்துப் பார்த்து, “கூலிங் சூப்பர்” என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பகல் ஒரு மணிக்குப் போக வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நிழலில் பத்து நிமிடம் நிறுத்தி ஓடவிட வேண்டும். சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை ஏசி வாயில் செருகிப் பார்த்தால், பத்து டிகிரியை ஒட்டி நின்றால் நல்ல வண்டி. பதினைந்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பேரம் பேசக் காரணம் கிடைத்துவிட்டது.

வெள்ளம் கண்ட வண்டியா என்பதும் இங்கே கேட்டே ஆக வேண்டிய கேள்வி. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்தையும் சைதாப்பேட்டையையும் மூழ்கடித்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிய கார்கள் எத்தனையோ. கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்த அவற்றில் பிளோயர் மோட்டாருக்குள் சேறு இருக்கும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே ஒளிய முடியாது. சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடலோரத்தில் தெருவிலேயே நின்ற வண்டிகளுக்கு வேறு நோய். உப்புக் காற்று கண்டென்ஸரின் மெல்லிய தகடுகளை அரித்து, விரலால் தடவினாலே பொடியாக உதிரவைக்கும்.

பழைய வண்டிக்கு வயதை வைத்துத் தடை இங்கே கிடையாது. எஃப்சி எடுத்து, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதைக் கட்டியும் வைத்துக்கொள்கிறார்கள் என்றால் அந்த வண்டியோடு ஒரு பந்தம் இருக்கிறது. அதற்கு நல்ல மெக்கானிக் கிடைக்க வேண்டியது நியாயம்தானே?

பனகல் பார்க்கில் வேர்த்துப்போன தம்பதிக்கு அப்படி ஒருவர் மந்தைவெளியில் கிடைத்தார். அவர் எடுத்த எடுப்பில் சிலிண்டரைத் தொடவில்லை. முதலில் நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் உள்ள, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். வண்டியை நின்ற இடத்தில் ஓடவிட்டு சிவப்பு முள் மேலே மேலே போவதைக் காட்டினார். பிறகு ஒரு பக்கெட் தண்ணீரை மக்கில் அள்ளி, முன் கிரில் வழியாகக் கண்டென்ஸர் மேல் நிதானமாக ஊற்றினார். ஆவி பறந்தது. சிவப்பு முள் விறுவிறுவென்று இறங்கியது.

“உள்ள கைய வச்சுப் பாருங்க சார்.”

ஐஸ்.

“கேஸ் குறையல சார், ஜாஸ்தியா இருக்கு. போன வாரம் அடிச்சாங்களே, அது. இந்த ஃபேன் பாருங்க, சுத்தவே இல்ல.” தேவைக்கு மேல் கேஸ் போனால் அழுத்தம் ஏறி நின்ற இடத்தில் குளிர்ச்சி இன்னும் மோசமாகும். டாப்-அப் செய்த பிறகும் வண்டி ஏன் அப்படியே இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. புதுப்பேட்டையில் ஒரு ஃபேன் மோட்டார் வாங்கி மாட்டி, கூடுதல் கேஸை மெஷினில் இழுத்து, கம்பெனி சொன்ன அளவை எடை போட்டு நிரப்பினார். சின்னக் கார்களுக்கு அந்த அளவு அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும்.

காற்றில் திறந்துவிடாமல் மெஷினில் இழுத்தாரே, அதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு வல்லது. ஒரு காரின் அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் அது சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். வருடாவருடம் லீக்கை அடைக்காமல் டாப்-அப் மட்டும் செய்துகொள்கிறவர், ஒவ்வொரு கோடையிலும் அதையேதான் செய்கிறார். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் இந்த கேஸ் இல்லை. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தப்படி இந்தியா இந்த வகை கேஸ்களைக் குறைக்கத் தொடங்க வேண்டியது 2032லிருந்து.

நின்ற வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பழைய சைலன்ஸர் குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. மூடிய கராஜில் கேட்கவே வேண்டாம். மார்கழியில் ஏசியை அடியோடு மறந்துவிடவும் வேண்டாம். வாரத்துக்குப் பத்து நிமிடம் ஓடினால்தான் கேஸோடு சேர்ந்து ஆயில் சுற்றி, கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும். பல லீக்குகள் பிறப்பது அந்தக் குளிர்ந்த மாதங்களில்தான். வெளியே தெரிவது சித்திரையில்.

அடுத்த முறை யாராவது “கேஸ் போச்சு” என்றால், எங்கே போச்சு என்று கேளுங்கள். கேஜில் முள்ளைக் காட்டச் சொல்லுங்கள். வேக்கம் போட்டு, அதாவது குழாய்க்குள் உள்ள காற்றை உறிஞ்சியெடுத்து, அரை மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று கூடவே இருந்து பாருங்கள். அதற்கும் முன்னால், பானட்டைத் திறந்து ஏசியைப் போட்டு, இரண்டு ஃபேனும் சுற்றுகிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.